வைஃபைக்கு ஒரு நியாயம், காசிமேட்டு வயர்லெஸ்ஸுக்கு ஒரு நியாயமா?

உங்க வீட்டுல மினுக்கிக்கிட்டு இருக்கிற வைஃபை பெட்டியும் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர்தான். அதுக்கு லைசென்ஸ் வாங்கினீங்களா? நானும் வாங்கலை. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. சில நிபந்தனைகள் உண்டு. பெட்டி ஒப்புதல் பெற்ற ரகமா இருக்கணும். வெளியே போகிற சக்தி 4 வாட்டைத் தாண்டக்கூடாது. மத்தவங்களுக்கு இடைஞ்சல் பண்ணக்கூடாது. சோதனைத் தலைவலி எல்லாம் கம்பெனிக்காரனுக்கு, நமக்கு ஒரு வேலையும் இல்லை.

இப்போ காசிமேட்டுக்கு வாங்க. லாஞ்சில் வைக்கிற விஎச்எஃப் வயர்லெஸ் செட்டில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க கடலில் ஆபத்துன்னா கூப்பிடுறதுக்கான பொது இடம். அந்த செட்டை வைச்சுக்க தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் உரிமம் வாங்கணும். அதுக்கு ஆன்லைனில் 'சரல் சஞ்சார்'னு ஒரு தளம் இருக்கு. 'சரல்'னா இந்தியில் எளிமைனு அர்த்தமாம் :-) ராத்திரியெல்லாம் வலை இழுத்து, விடியக்காலை மீனை ஏலத்துக்கு விட்டுட்டு வர்ற அண்ணன் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பணும்!

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்காதீங்க. எண்ணூர் கடலில் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை வரைக்கும் வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூணுக்கும் போற கப்பல்களுக்கு நடுவுலதான் நம்ம ஃபைபர் போட்டுகளும் போகுது. அதே வருஷம் நவம்பரில் ஒக்கி புயல் வந்தப்போ, ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. விஎச்எஃப் அவ்வளவு தூரம் எட்டாதுதான், அலை நேர்கோட்டில் போறது. ஆனா ஒரு போட் கேட்டதை அடுத்த போட்டுக்குச் சொல்லலாமே. அதுக்கு எல்லா போட்டிலும் செட் இருக்கணும்.

"உரிமம் இல்லைன்னா சேனல் 16 டீக்கடை ஆயிடும்"னு சிலர் சொல்வாங்க. நியாயமான பயம்தான். வெட்டிப்பேச்சு நடுவுல ஒருத்தரோட அபயக்குரல் அமுங்கிடக்கூடாது. ஆனா பேசுற ஒழுங்கைப் பயிற்சிதான் கொண்டுவரும், படிவம் கொண்டுவராது. பிரிட்டனில் படகு ரேடியோ உரிமத்தை ஆன்லைனில் இலவசமா தர்றாங்க, செட்டை இயக்குறவர் மட்டும் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கணும். அமெரிக்காவில் உள்நாட்டுக் கடலில் ஓடுற பொழுதுபோக்குப் படகுகளுக்கு 1996-லிருந்து தனி உரிமமே தேவையில்லை.

நம்ம ஊரில் வழி இன்னும் சுலபம். 1983-ம் வருஷத்து தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி போட்டுகளை மீன்வளத் துறையில் ஏற்கெனவே பதிவு பண்றாங்க. அந்தப் பதிவோடயே வயர்லெஸ் அனுமதியையும், போட்டை அடையாளம் காட்டுற எண்ணையும் சேர்த்துக் கொடுத்துடலாம். கூடவே தமிழில் அரைநாள் பயிற்சி. 2023-ம் வருஷத்து தொலைத்தொடர்புச் சட்டத்தில் விலக்கு கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரமும் இருக்கு.

ஒரு காலத்தில் ரேடியோ பெட்டியில் பாட்டு கேட்கவே போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணும். 80-களில் அதை எடுத்தாங்க, ஒண்ணும் கெட்டுப்போகலை. படம் பார்க்கிற அலைவரிசைக்கு இவ்வளவு தாராளம் காட்டுற அரசு, உயிர் காக்கிற அலைவரிசைக்கும் கொஞ்சம் காட்டலாம். நீங்க என்ன சொல்றீங்க?