இலவசப் பரிசோதனைக்கு என்ன செலவு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் போன் பேசுவது நம்ம எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சில மாதங்களுக்கு முன் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை மூன்று தடவை பேச்சை நிறுத்தி இருமினார்.

"பனி ஒத்துக்கலை தம்பி. மெடிக்கல்ல டானிக் வாங்கிக் குடிக்கிறேன்."

"எத்தனை நாளா அத்தை?"

"அது கெடக்கு, ஒரு மாசம் இருக்கும்."

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யணும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். "காசா பணமா, போய்ட்டு வந்துடுங்களேன்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் அத்தை தன் கணக்கைச் சொன்னார். பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆனால் அந்த பஸ் ஊருக்குள் வருவதே காலையில் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. போனால் அன்றைக்குக் களையெடுப்புக் கூலி போச்சு. ஆட்டை யார் பார்ப்பது? சளி இரண்டு தடவை கொடுக்கணும்: போனதும் ஒண்ணு, விடிகாலையில் எழுந்ததும் எடுத்தது ஒண்ணு. ஆக, இரண்டு நாள் கூலி.

கடைசியாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் பெரிய செலவு. "டி.பி. பாக்குற இடத்துல நம்மளை யாராச்சும் பாத்துட்டா, நாளைக்கு நம்ம புள்ளையப் பொண்ணு கேட்டு யாரு வருவா?"

நான் வழக்கம்போலப் பணம் அனுப்பினேன். அது பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விட்டது. இருமல் அப்படியே இருந்தது. பிறகு சித்தப்பா மகனைக் கெஞ்சினேன். அவன் ஒருநாள் லீவு போட்டு, பைக்கில் கூட்டிப் போனான். வழியில் கேட்டவர்களிடம் "பிரஷர் மாத்திரை வாங்கப் போறோம்" என்றானாம்.

முதல் டப்பாவில் அத்தை கொடுத்தது வெறும் எச்சில். கூச்சம். ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுக்கும் சளிதான் வேண்டும் என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொல்லி, ஆளில்லாத திறந்த வெளிக்கு அழைத்துப்போய் எடுக்க வைத்தார். அந்தப் பொறுமை இல்லையென்றால் 'நோய் இல்லை' என்று சீட்டு வந்திருக்கும், அத்தையும் நிம்மதியாக இருமிக்கொண்டே பேத்தி பக்கத்தில் படுத்திருப்பார்.

காசநோய்தான். ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். 2024 நவம்பருக்கு முன் அது 500. வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை நடந்தது. பேத்திக்கு ஒன்றுமில்லை.

கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். ஆனால் அத்தை வீட்டிலிருந்து அந்தக் கருவிவரை போகும் தூரத்தை அது குறைக்காது. அதற்கு ஒரு மனுஷன் வேண்டும்.

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, "நல்லா இருக்கீங்களா"வோடு நிறுத்தாதீர்கள். இருமல் கேட்டால் எத்தனை நாளாக என்று கேளுங்கள். பணம் அனுப்பும் முன் கூடப் போக ஒரு ஆளைப் பிடியுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலும் வழி காட்டுவார்.

அத்தை இப்போது போனை எடுத்ததும் 'ஹலோ' சொல்வதில்லை. "இன்னிக்கு எழுபத்தி மூணாவது நாள் மாத்திரை தம்பி" என்றுதான் ஆரம்பிக்கிறார்.