எட்டு வருஷமும் ஒரு டிக்கும்

ஆட்குறைப்பு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ‘ரைட்சைஸிங்’ என்கிறார்கள். ஆள் வெளியே போனதும் கம்பெனி சரியான சைஸுக்கு வந்துவிடுகிறதாம். போனவன் வீட்டு பட்ஜெட் எந்த சைஸுக்கு வரும் என்பதற்கு இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை.

நண்பர் ஒருவருக்கு இப்படி சைஸ் பார்த்துவிட்டார்கள். எட்டு வருஷ சர்வீஸ். ‘‘பத்து வருஷம் ஆகலைன்னா பென்ஷன் கிடையாதாமே ஸார்? பி.எஃப்., பென்ஷன் எல்லாத்தையும் மொத்தமா உருவிடப் போறேன்’’ என்றார்.

பாதிதான் சரி. 58 வயதில் பென்ஷன் வாங்கப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், வாஸ்தவம். ஆனால் பத்தும் ஒரே கம்பெனியில் இருக்கவேண்டும் என்று 1995-ல் வந்த பென்ஷன் திட்டத்தில் எங்கேயும் இல்லை. வேலையைத்தான் பறித்தார்கள், சர்வீஸை யாரும் பறிக்கவில்லை. அதை நாமாகத்தான் விற்கிறோம்.

விற்பதற்கான பத்திரம், ஃபாரம் 10-சி. அதில் இரண்டு வழி. பணமாக வாங்கிக்கொள்ளலாம், எட்டு வருஷமும் அழிந்துவிடும். அல்லது ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கலாம். அடுத்த வேலையில் ஒன்பதாவது வருஷத்திலிருந்து கணக்கு ஓடும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். 2014-ல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாயையே சம்பளமாக எடுத்துக்கொள்வோம். நண்பர் வேறு இடத்தில் இன்னும் 12 வருஷம் வேலை பார்க்கிறார். பழசை உருவியிருந்தால் மாதம் 2,571 ரூபாய். விட்டு வைத்திருந்தால் மொத்தம் 20 வருஷம். இருபதைத் தொட்டால் இரண்டு வருஷம் போனஸ் வேறு! 22-க்குக் கணக்குப் போட்டு 4,714 ரூபாய். ஒரு டிக், மாதம் 2,143 ரூபாய் வித்தியாசம், ஆயுசு முழுக்க.

‘‘இந்த மாச வாடகைக்கு என்ன ஸார் பண்றது?’’

நியாயமான கேள்வி. அதற்கு கிராஜுவிட்டி இருக்கிறது. ஐந்து வருஷம் தாண்டியாச்சே. போதாவிட்டால் பி.எஃப். இருக்கிறது. அதற்கு ஃபாரம் தனி. பென்ஷனில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றேன். நண்பர் மசியவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். ‘‘அண்ணா, பென்ஷன் வாங்கும்போது இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?’’

‘‘பாதி உங்களுக்கு வரும்மா.’’

‘‘அப்ப சர்ட்டிபிகேட்டே வாங்கச் சொல்லுங்க.’’

நண்பர் மறுபேச்சில்லாமல் டிக் அடித்தார்.