ரேஸ் ஆசையை அடக்க வேணாம், நல்ல தடத்துல விடுவோம்



2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித் குமார் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடிச்சதிலிருந்து, கோயிலுக்கு வர்ற சின்னப் பசங்களுக்கும் ரேஸ் பேச்சுதான். "அதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு"ன்னு நாம உடனே வாயை அடைச்சிடுறோம். அப்படி அடைக்கக் கூடாதுங்கிறதுதான் தொண்டர்கள் எங்களோட கருத்து.

அடக்கினா ஆசை போயிடாது. அது ரோட்டுக்குப் போகும். 2017 பிப்ரவரி 18 விடியற்காலையில ஜொகூர் பாருவில் பாசிக்கால் லாஜாக் ஓட்டின 8 பசங்க கார் மோதி இறந்தாங்க. செடெனாக்கிலிருந்து அது ரொம்பத் தூரமில்ல.

கோ-கார்ட் ஓடுறது மூடின தடத்துல. எதிர்ல லாரி வராது. வலது கால்ல வேகம், இடது கால்ல பிரேக், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வண்டியோட வேகத்தையும் குறைச்சு வைக்கலாம். எங்க பிரேக் பிடிக்கணும், முன்னால போறவனை இடிக்காம எப்படித் தாண்டணும்னு பிள்ளை சின்ன வயசுலயே பழகிடும். பெண் பிள்ளைகளும் தாராளமா ஓட்டலாம்.

சரி, செலவு? வண்டி விலையோட முடியாது. டயர், இஞ்சின் பராமரிப்பு, தடக் கட்டணம், போக்குவரத்துன்னு விடாம கையைக் கடிக்கும். அதனால எடுத்தவுடனே சொந்த வண்டி வேணாம். முதல் வருஷம் வாடகை வண்டியில மாசம் ஒரு தடவை ஓட்டட்டும். ஆர்வம் நிலைச்சா, நாலஞ்சு குடும்பம் சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கலாம். ஹெல்மெட்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. அது ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்குப் பொருத்தமா, புதுசா இருக்கணும்.

செலவைக் குறைச்சா என்ன நடக்கும்னு கோயம்புத்தூர் காட்டியிருக்கு. அங்க எஸ். கரிவரதன், சாதாரண மாருதி 800 காரோட இஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி பந்தய வண்டியை உருவாக்கினார். அந்த வண்டியில ஓட்டிப் பழகின நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியர். நம்ம செப்பாங்கிலயும் அந்த வருஷம் ஓட்டினார்.

"படிப்பு கெட்டுடுமே"ன்னு கேட்பீங்க. லூயிஸ் ஹாமில்டன் 8 வயசுல கார்ட் ஓட்ட ஆரம்பிச்சவர். அவர் அப்பா பல வேலை பார்த்துப் பணம் கட்டினார். ஒரே நிபந்தனை, பள்ளியில ஒழுங்காப் படிக்கணும். நாமளும் அதையே சொல்லலாம்.

எல்லாரும் சாம்பியன் ஆகப் போறதில்ல. பிள்ளை ரோட்டுல ஓட்டம் காட்டாம வீடு வந்து சேர்ந்தா அதுவே பெரிசு.

தேரை ஒரு குடும்பமா இழுக்கிறோம்? ஊர் கூடித்தானே இழுக்கிறோம். இதையும் அப்படியே பார்ப்போம். சேர்ந்து செய்ய விருப்பமுள்ள பெற்றோர்கள், பிள்ளையோட வயசை மட்டும் கீழே எழுதுங்க. பேசுவோம்.