பெற்றோர் பகுதி: கடல் கடந்த பின் இடும் கையொப்பம்

சென்ற திங்கள் நம் சங்க நூலகத்தில் நெடுநாள் அன்பர் ஒருவரைக் கண்டேன். அவருடைய மகன் ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புப் பயில்கிறான். நலம் விசாரித்தபோது அவர் முகம் வாடியது. பையனுக்கு இளமை தொட்டே இழுப்பு நோய் உண்டு. குளிர் மிகுந்த ஓர் இரவில் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். பிழைத்து எழுந்தான், ஆனால் அவன் சேர்ந்திருந்த தனியார் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுத்துவிட்டது. முன்பே இருந்த நோய்க்குப் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததாம். இப்போது தவணை முறையில் கடனை அடைத்து வருகிறான். “மாதந்தோறும் பணம் மிச்சமாகிறதே என்று நான்தான் அதில் சேரச் சொன்னேன், ஐயா” என்றார் அன்பர். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

மக்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. ஆதலின் இதனை இங்கு எழுதுவது கடமை எனக் கருதுகிறேன்.

ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு என்பது விரும்பினால் வாங்கும் சரக்கன்று. சட்டம் விதித்த கடமை. பிஸ்மார்க் சான்சலராக இருந்த 1883-ஆம் ஆண்டில் தொழிலாளர்க்கென இயற்றப்பட்ட சட்டமே அதன் தொடக்கம். 1975-இல் மாணவர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டனர். காப்பீட்டுச் சான்றின்றிப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய இயலாது.

சட்டப்படி அமைந்த காப்பீட்டு நிதிகளை அந்நாட்டார் ‘கிராங்கன்காசெ’ என்பர். முப்பது வயது நிரம்பாத மாணவர் குறைந்த சந்தாவில் இவற்றில் சேரலாம். 2025-ஆம் ஆண்டில் இச்சந்தா, நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து, மாதம் ஏறத்தாழ 140 யூரோ. பழைய நோய் உண்டா என்று பார்த்துச் சந்தாவை உயர்த்துவதில்லை. நோயுற்றவனுக்கும் நலமுள்ளவனுக்கும் அது ஒன்றே. மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ கொடுக்கவேண்டும். அதுவும் ஆண்டில் 28 நாட்களுக்கு மட்டுமே.

தனியார் திட்டங்கள் சில இதனினும் மிகக் குறைந்த தொகைக்குக் கிடைக்கின்றன. அவற்றை நாடும் மாணவர், சட்டக் காப்பீட்டிலிருந்து தமக்கு விலக்கு வேண்டுமென முதல் மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்துக் கையொப்பமிடவேண்டும். இடர் அந்தக் கையொப்பத்திலேதான் இருக்கிறது. ஒருமுறை பெற்ற விலக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது. படிப்பு முடியும்வரை மாணவர் சந்தாவில் மீண்டும் சேர வழியில்லை. அன்பரின் மகன் இன்று அந்த நிலையில்தான் இருக்கிறான்.

தனியார் காப்பீடு யாவும் தீது என்று நான் கூறவில்லை. முப்பதைக் கடந்து செல்வோர்க்கும், பல்கலைக்கழகத்தில் சேருமுன் மொழிப்பயிற்சி மட்டும் பெறுவோர்க்கும் பெரும்பாலும் அதுவே வழி. அவர்கள் பழைய நோய், பல், மனநலச் சிகிச்சை ஆகியன பற்றிப் பத்திரம் கூறுவதைப் படித்தறிந்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும். விசாவுக்காக இங்கு எடுக்கும் பயணக் காப்பீடு இடைக்காலத்துக்கு மட்டும் உரியது. அதைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் சேர இயலாது.

சட்டக் காப்பீட்டிலும் குறைகள் உண்டு. பெரியவர்களுக்கு மூக்குக்கண்ணாடிச் செலவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. பல் கட்டுவதற்குக் கைப்பணமும் வேண்டும். கண்ணையும் பல்லையும் இங்கேயே சோதித்துக்கொண்டு புறப்படுவது நலம். நாட்டுக்கு நாடு முறையும் வேறுபடும். பிரான்சில் அயல்நாட்டு மாணவர் அரசின் காப்பீட்டில் கட்டணமின்றியே பதிவு செய்துகொள்ளலாம். ஆகவே ஒரு நாட்டில் பயில்பவரின் அனுபவத்தை மற்றொரு நாட்டுக்குச் செல்பவர் அப்படியே பின்பற்றலாகாது.

பிழைப்பை நாடி இந்நகருக்கு நாம் வந்திறங்கிய நாளில் நம் சட்டைப்பையில் ஒரு முகவரிச் சீட்டு இருந்தது. காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஊர்க்காரர் வீடு ஒன்று இருந்தது. நம் பிள்ளைகள் செல்லும் ஊரில் அந்த வீட்டின் இடத்தை ஒரு காப்பீட்டு அட்டையே நிரப்பவேண்டியிருக்கிறது. தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் “சாப்பிட்டாயா, பணம் போதுமா?” என்று கேட்கிறோம். அங்கு சென்ற முதல் வாரத்திலேயே, “எந்தத் தாளிலும் ஒப்பமிடுமுன் எனக்குப் படித்துக் காட்டு” என்றும் சொல்லி வைப்போமாக.