வருவோர் கணக்கும் வருவாய்க் கணக்கும்

தேவ்நார் வட்டாரத்துத் தமிழ் இல்லங்களிலும் இன்று இணையத்தளம் நடத்துவோர் உளர். 2018 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் தன் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டத்தில் தமிழையும் சேர்த்துக் கொண்டது. அது முதல் தமிழில் எழுதும் சமையற் குறிப்புக்கும் தேர்வுப் பாடத்துக்கும் விளம்பர வருவாய் கிட்டலாயிற்று. அதனோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று எத்தனை பேர் வந்தனர், எத்தனை காசு சேர்ந்தது என்று அடுப்படியிலும் ரயிலிலும் ஓயாமல் கைப்பேசியைத் திறந்து பார்க்கும் பழக்கமே அது.

எத்தனை முறை பார்த்தல் தகும்? வருவோர் கணக்கை வாரம் ஒரு முறையும், வருவாய்க் கணக்கைத் திங்கள் ஒரு முறையும் பார்த்தால் போதும் என்பது நம் கருத்து.

ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் காசை அன்றன்றே எண்ணி ஒப்படைக்கின்றோம். காசு நம் கையில் இருப்பதால், எண்ணாவிடில் குறையும். இணையத்தளத்தின் காசோ நம் கையில் இல்லை. எண்ணுவதால் அது காக்கப்படுவதுமில்லை. அன்றாடம் காட்டப்படுவது மதிப்பீட்டுத் தொகையே. முறையற்ற சொடுக்குகளைக் கழித்த பின்னர், அடுத்த திங்களின் தொடக்கத்தில்தான் தொகை உறுதியாகும். அது 100 டாலரை எட்டினால் 21 முதல் 26ஆம் நாளுக்குள் அனுப்பப்படும். எட்டாவிடில் அடுத்த திங்களுக்குச் செல்லும். நூறு முறை பார்த்தாலும் ஒரு நாள் முந்தி வாராது.

இன்னொன்றும் உண்டு. நாளொன்றுக்குச் சராசரியாக 25 பேர் வரும் தளத்தில் ஒரு நாள் 20 பேரும் மறுநாள் 30 பேரும் வருவது வெறும் தற்செயல். இத்தகைய எண்ணிக்கையில் சராசரியின் வர்க்கமூலமே ஊசலாட்டத்தின் அளவு என்பர் கணக்கறிந்தோர். 25க்கு வர்க்கமூலம் 5. அஃது ஐந்தில் ஒரு பங்கு. ஏழு நாளையும் கூட்டினால் 175 பேர். ஊசலாட்டம் ஏறத்தாழ 13 மட்டுமே. நாட்கணக்கில் புலப்படாத ஏற்றமும் இறக்கமும் வாரக்கணக்கில் புலப்படும். ஆதலின், தளம் எத்துணைச் சிறியதோ அத்துணை அரிதாகப் பார்ப்பதே அறிவு.

ஞாயிற்றுக்கிழமையைத் திங்கட்கிழமையோடு ஒப்பிடுவதும் பிழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வணிகர் விளம்பரத்துக்கு மிகுதியாகச் செலவிடுவர். ஜனவரியில் கை சுருங்கும். தீபாவளித் திங்களின் வருவாயைக் கண்டு நிலையான வேலையை விட்டுவிடும் இளைஞனும், ஜனவரிக் கணக்கைக் கண்டு மனமொடிந்து ஈராண்டு உழைப்பைக் கைவிடும் பெண்ணும் ஒரே தவற்றையே செய்கின்றனர். ஊரிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் ஒருவர் சம்பளம் நின்றால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் உடன் நின்று போகும். பன்னிரண்டு திங்கட் கணக்கு கையில் இல்லாமல் இத்தகைய முடிவுக்கு வருதல் கூடாது.

விதிவிலக்கும் உண்டு. தளத்தை வேறிடம் மாற்றினாலோ அமைப்பைத் திருத்தினாலோ ஒரு வாரம் நாள்தோறும் பார்ப்பது கடமை. பழுது நேர்ந்திருந்தால் உடனே தெரியும். கணக்கு ஏறவில்லையே என்று தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்குதலும், உற்றாரைச் சொடுக்கச் சொல்லுதலும் ஒருபோதும் ஆகா, கணக்கே முடக்கப்படலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரம், வந்தோர், அவ்வாரம் எழுதியவை, திங்கள் முடிவில் உறுதியான தொகை என நான்கு பத்தி கீறுங்கள். ஞாயிறு மாலை கால்மணி நேரம் போதும். மிஞ்சிய நேரத்தில் அடுத்த கட்டுரையை எழுதுங்கள். வாசகர் வருவது அதற்காகவே.