குளிரை விட ஈரம் பொல்லாதது

டிசம்பர் பிறந்தால் போதும், கேதார்கந்தா போகும் கூட்டம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிகரத்தின் உயரம் சுமார் 12,500 அடி. டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைச்சாலையில் போனால் சாங்க்ரி கிராமம். அங்கிருந்து முதுகில் பையை மாட்டிக்கொண்டு பனியில் நடக்க வேண்டியதுதான். ராத்திரியில் குளிர் மைனஸ் 10 டிகிரி வரை கூடப் போகும்.

மைனஸ் 10 என்றதும் வெயில் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் இருக்கிற கெட்டித் துணியெல்லாம் பைக்குள் போய்விடும். இரண்டு ஜீன்ஸ், நாலு பருத்தி பனியன், ஒரு கம்பளிப் போர்வை, பெரிய டர்க்கி டவல்... பை 15 கிலோ! நிறைய துணி இருந்தால் குளிராது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கே தப்பு.

பனியில் நடப்பவருக்கு முதல் எதிரி ஈரம். கனமான பையோடு மேடு ஏறினால் மைனஸ் குளிரிலும் வியர்க்கும். நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. நின்ற உடனே அந்த வியர்வை உடம்பைச் சில்லிட வைத்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தியோ ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு லேசில் காயாது. சென்னையில் வரமாக இருக்கும் குணம், பனியில் சாபம். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், அப்புறம் யோசிக்கவே முடியாது. தனக்கு ஆபத்து என்பதே அந்த ஆளுக்குப் புரியாது என்பதுதான் கொடுமை.

அதனால் பையில் இரண்டு செட் துணி போதும். ஒன்று நடக்க, ஒன்று தூங்க. நடக்கும் செட்டில் உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் பனியும் புகாத ஜாக்கெட். வியர்க்கத் தொடங்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். தூங்கும் செட்டை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்து, கூடாரத்துக்குள் நுழைந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். கூடுதலாக எடுப்பதென்றால் சாக்ஸும் கையுறையும் எடுக்கலாம்.

1922ல் எவரெஸ்ட் ஏறப் போன ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் வாத்து இறகை அடைத்து ஒரு கோட் தைத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் ட்வீட் கோட்டில் நடுங்க, அவர் கதகதப்பாக இருந்தார். இன்றைய டவுன் ஜாக்கெட்டும் அந்த வழிதான். ஆனால் நனைந்தால் இறகு கட்டிதட்டிப் போகும், சூடு தங்காது. ஆகவே ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஜாக்கெட்டைக் காப்பாற்றுவது சில ரூபாய் குப்பைப் பைதான் :-)

"இதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம்" என்பார்கள். கிரிக்கெட் ஆடும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டே உள்ளே போடப் போதும். கனமான ஜாக்கெட் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். "கனத்தால் கோவேறு கழுதை மேல் ஏற்றிவிடலாமே" என்பார்கள் வேறு சிலர். ஏற்றலாம். ஆனால் வழியில் நனைந்தால், ஆள் ஒரு பக்கம், காய்ந்த துணி இன்னொரு பக்கம்!

கம்பெனிக் கணக்கில் ரிசர்வ் என்று ஒன்று உண்டு. அன்றாடச் செலவுக்கு அதில் கை வைத்தால், நஷ்டம் வரும் வருஷத்தில் கம்பெனி தாங்காது. அந்தக் காய்ந்த செட்டும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் நேற்றைய துணி ஈரமாக இருக்கும், காய்ந்தது கையருகே இருக்கும், ஆசை வரும். ஈரத்தையே போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். நடந்தால் பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும். ராத்திரிக்கு அந்த வசதி கிடையாது.

இந்த டிசம்பரில் பை கட்டுபவர்கள் முதலில் அந்த ஜீன்ஸை எடுத்து வெளியே வைக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.