விமானங்கள் யாருக்காக வாங்கப்படுகின்றன?

1979 இல் எயார் லங்கா ஆரம்பிக்கப்பட்டபோது அதனிடமிருந்தவை குத்தகைக்குப் பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களே. பின்னர் டிரைஸ்டார்கள் வந்தன, எயார்பஸ்கள் வந்தன. விமானங்கள் மாறின, அவற்றைத் தெரிவுசெய்யும் முறை மாறவில்லை என்பதே எனது குற்றச்சாட்டு.

யுத்தமே சகல நட்டத்துக்கும் காரணம் என்பார்கள். 2001 ஜூலை 24 இல் கட்டுநாயக்கத் தாக்குதலில் விமானங்கள் அழிந்தமை மெய்தான். ஆனால், ஆறு ஏ330-300, நான்கு ஏ350-900 விமானங்களுக்கு ஸ்ரீலங்கன் நிறுவனம் ஒப்பந்தம் செய்த 2013 இல் யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளாகியிருந்தன. பிறகு ஏ350கள் வேண்டாமென முடிவெடுத்து, அதற்கும் இழப்பீடு செலுத்தினோம். வாராத விமானத்துக்கும் பணம் கொடுத்த நாடு நமது நாடு!

அக்கொள்வனவுடன் தொடர்புபட்ட ஒருவரின் மனைவியினது நிறுவனத்துக்கு எயார்பஸ் 20 இலட்சம் டொலர் வழங்கிய விபரம், 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றத்தில்தான் அம்பலமாயிற்று. நமது கணக்காய்வுகள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன?

விமானத்தில் ஒருநாளும் ஏறியிராத தோட்டத் தொழிலாளியும் தாம் செலுத்தும் வரியால் இக்கடனைச் சுமக்கிறார். ஆகவே, இனியேனும் விமானக் கொள்வனவு ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகுமுன் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படவேண்டும். கைச்சாத்தான பின்னர் நியமிக்கப்படும் ஆணைக்குழுக்களால் பறிபோன பணம் திரும்பி வராது.